சேரிட்ட கேளுங்கோ: பில்டர் பிறகு, முதல்ல தண்ணியில என்ன இருக்கெண்டு சொல்லுங்கோ

போன இதழில ஒருத்தர் வேற என்னவோ கேக்க, நான் பேச்சுவாக்கில ரெண்டு வரி எழுதிட்டன், மும்பையில பிறந்த ஒரு பௌதிகக்காரர் வெளிச்சத்தால தண்ணியில இருக்கிற கிருமியைச் சாக்காட்டுற மலிவான மெசின் ஒண்டு செய்தவர் எண்டு. அவ்வளவுதான் எழுதினது. அதுக்குப் பிறகு வந்த கடிதம், வாட்சப், வெள்ளவத்தை மாக்கெட்டில மீன் வாங்கேக்க மறிச்சுக் கேட்டது எல்லாமே தண்ணிக் கேள்வி. அதால மற்றக் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இந்த முறை தண்ணியை மட்டும் எடுக்கிறன், கொஞ்சம் நீளும், ஒரு பிளேன் டீ ஊத்தி வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

கேள்வி: சேர், நாங்க தோட்டத்து வீட்டுல இருக்கோம், ஒரு பைப்புலதான் பதினஞ்சு குடும்பம் தண்ணி பிடிக்கிறது. நீங்க எழுதின அந்த வெளிச்ச மெசின் செஞ்சவரு யாரு? அது இங்க வாங்க ஏலுமா? சின்னவனுக்கு மாசத்துக்கு ஒருக்கா வயித்தால போகுது, அதான் கேக்குறேன்.
— மூணு புள்ளைங்களோட அம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, அவர்ட பேர் அசோக் காட்கில். 1950இல மும்பையில பிறந்தவர், கான்பூர் ஐஐடியில பௌதிகம் படிச்சு, பிறகு அமெரிக்காவில பெர்க்லியில பிஎச்டி முடிச்சு, அங்க லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்திலயே வேலை செய்தவர். 1992 கடைசியில ஒரு புது வகைக் கொலரா வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கு, ஏன் எண்டா அது முதல்ல தலைகாட்டினது மெட்ராசில. இஞ்ச இருந்து அங்க போன எங்கட சொந்தக்காரர் எல்லாம் பயந்துபோய் போன் எடுத்தவை. பிறகு அது கல்கத்தா, பங்களாதேஷ் எண்டு பரவி ஆயிரக்கணக்கில ஆக்களைக் கொண்டுபோனது. அதைப் பாத்துட்டுத்தான் காட்கில் 1993இல இந்த வேலையைத் தொடங்கினவர்.

அவர் புதுசா ஒரு கதிரைக் கண்டுபிடிக்கேல்ல. யூவி எண்ட கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம் கிருமியைக் கொல்லும் எண்டது பழைய விசயம். வீட்டில இருக்கிற டியூப் லைட்டுக்குள்ள பாதரச ஆவி இருக்கெல்லோ, அதில இருந்து முதல்ல வாறதே அந்த யூவிதான், குழாய்க்கு உள்பக்கம் பூசியிருக்கிற வெள்ளைப் பவுடர்தான் அதை எங்கட கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமா மாத்துது. பவுடரைப் பூசாம, யூவியை வெளிய விடுற கண்ணாடியில குழாயைச் செய்தா அது கிருமி கொல்லுற லைட். அந்த 254 நானோமீட்டர் கதிர் கிருமியின்ர டிஎன்ஏயைக் குழப்பிப்போடும், பிறகு அது பெருகாது, பெருகாத கிருமி வருத்தம் தராது.

அப்ப அவர் செய்தது என்ன எண்டா, மற்றவை எல்லாம் லைட்டைத் தண்ணிக்குள்ள அமிழ்த்தி வைக்கிறவை. தண்ணிக்குள்ள இருந்தா லைட்டைச் சுத்தி ஒரு குவார்ட்ஸ் உறை போடோணும், அந்த உறையில கொஞ்சநாளில கேத்திலுக்குள்ள பிடிக்கிற மாதிரி சுண்ணாம்புப் படை பிடிக்கும், பிறகு ஆள் கூப்பிட்டுத் தேய்க்கோணும், தேய்க்காட்டி லைட் எரியும் ஆனா கிருமி சாகாது. காட்கில் லைட்டைத் தண்ணிக்கு மேல தொங்கவிட்டார், கீழ ஒரு தட்டையான தட்டில தண்ணி தானா வழிஞ்சு ஓடும், பம்ப்பும் வேண்டாம் அழுத்தமும் வேண்டாம், ஒரு வாளியைத் தூக்கி ஊத்தினாலே காணும். நிமிசத்துக்கு 15 லீட்டர், கரண்ட் ஒரு பழைய குண்டு பல்ப் இழுக்கிற அளவுதான். எனக்கு இந்தத் தொங்கவிட்ட விசயம்தான் சரியாப் பிடிச்சது, பெரிய கணக்குப் போட்ட மனுசன் கடைசியில "இதை ஆர் தேய்க்கப்போறது" எண்டு யோசிச்சிருக்கிறார்.

இதை நானே கணக்குப் போட்டுப் பாத்தன். 1000 லீட்டர் தண்ணியை எங்கட வெக்கைக்கு 28 பாகையில இருந்து 100க்குக் கொண்டுபோகோணும் எண்டா 80 யுனிட்டுக்கு மேல கரண்ட் வேணும், சூடு வெளிய போறதைச் சேக்காமலே. அந்த மெசினில அதே 1000 லீட்டருக்கு ஒரு மணித்தியாலம் சொச்சம், பிடிக்கிறது ஒரு யுனிட்டில பத்தில ஒரு பங்கு கூட இல்ல.

ஆனா தங்கச்சி, இது ஒரு வீட்டுக்கு வாங்கி வைக்கிற சாமான் இல்ல. பிறகு ஒரு கம்பனி உரிமம் எடுத்து இந்தியா, கானா, பிலிப்பைன்ஸ் எண்டு ஊருக்கு ஒரு சின்ன நிலையம் மாதிரி வச்சு சனத்துக்குக் குறைஞ்ச விலையில தண்ணி வித்தது. உங்கட பைப்பில வாற தண்ணி வோட்டர் போர்ட் குளோரின் போட்டு விடுறது, அது உங்கட பைப் வாய் வரைக்கும் பெரும்பாலும் நல்லாத்தான் வரும். நீங்க எழுதினதில என்ர கண்ணில பட்டது பதினஞ்சு குடும்பம் ஒரு பைப் எண்டது. அப்ப எல்லாரும் விடிய பிடிச்சு வாளியில வைக்கிறீங்க, பின்னேரம் வரை கோப்பையை உள்ள விட்டு அள்ளுறீங்க, அதுதானே? கை போற இடத்தில கிருமி போகும். மூடியும் கீழ ஒரு டாப்பும் வச்ச வாளி ஒண்டு வாங்குங்கோ, சின்னவன்ர தண்ணியை மட்டும் கொதிக்க வையுங்கோ, பொங்கி ஒரு நிமிசம் கொதிச்சாக் காணும், பத்து நிமிசம் வச்சு காஸை எரிக்காதீங்கோ. ஆனா மாசா மாசம் வயித்தால போறது தண்ணியால மட்டும்தான் எண்டு நானும் சொல்லேலாது, எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில ஒருக்காக் காட்டுங்கோ.

கேள்வி: எங்கட பிளட்டுக்கு ஒரு பொடியன் வந்து ரெண்டு கிளாஸில தண்ணி எடுத்து கரண்ட் விட்டுக் காட்டினான். எங்கட பைப் தண்ணி சேறு மாதிரி கறுத்துப் போச்சு, அவன்ர ஆர்ஓ மெசின் (தண்ணியில இருந்து உப்பைப் பிரிக்கிறது) தண்ணி அப்பிடியே கண்ணாடி மாதிரி இருந்தது. இவர் உடன மெசினை வாங்குவம் எண்டு நிக்கிறார், ஒண்டரை லட்சம். வாங்கலாமோ?
— ஒரு குடும்பத் தலைவி, வெள்ளவத்தை

பதில்: வாங்காதீங்கோ. இதே கூத்து எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையிலயும் நடந்தது, கம்பனி பேர் வேண்டாம், பொடியனிலயும் கோவமில்ல, அவனுக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருக்கினம்.

அவன் கறுத்தப் பெட்டி ஒண்டைத் திறந்து நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சாமானை எடுத்தான். ரெண்டு கம்பி பைப் தண்ணிக்க, ரெண்டு கம்பி அவன்ர தண்ணிக்க. சுவிச்சைப் போட்ட உடன பைப் தண்ணியில பச்சையும் மண்ணிறமுமா திரிதிரியா கிளம்பி, ஒரு நிமிசத்தில கிளாஸுக்க சாக்கடைத் தண்ணி. என்ர மனுசி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பாத்தா, "இதையே பிள்ளையளுக்குக் குடுத்தனாங்கள்?" எண்டு. முப்பது வருசம் ரசாயனம் படிப்பிச்சவன் நான், அந்த முகத்தைப் பாக்க எனக்கே ஒருக்கா நெஞ்சு பதறினது உண்மை. பிறகு எழும்பிப் போய் குசினியில ஒரு சிட்டிகை உப்பு எடுத்துக்கொண்டு வந்து அவன்ர கண்ணாடித் தண்ணிக்கப் போட்டு, "தம்பி இப்ப போடுங்கோ" எண்டன். அது பைப் தண்ணியை விடக் கெதியாக் கறுத்தது. பொடியன் ஒண்டும் கதைக்காம கம்பியைத் துடைச்சு வச்சிட்டு மனுசி குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போனான்.

நடக்கிறது இவ்வளவுதான். ஒவ்வொரு கிளாஸுக்கயும் போற ரெண்டு கம்பியில ஒண்டு இரும்பு. தண்ணியில கொஞ்சமாவது உப்பு, கல்சியம் இருந்தாத்தான் கரண்ட் ஓடும், கரண்ட் ஓடினா இரும்பு கரைஞ்சு துருவா வெளிய வரும். நீங்க பாத்த ஊத்தை உங்கட தண்ணியில இருந்து வந்ததில்ல, அவன்ர கம்பியில இருந்து வந்தது. ஆர்ஓ தண்ணியில உப்பே இல்லாதபடியால கரண்ட் ஓடேல்ல, துரு வரேல்ல.

இதில ஒரு வேடிக்கை இருக்கு, மேல சொன்ன காட்கில் இருக்கிறாரே, அவர் இதே துருவை வச்சுத்தான் பிறகு இன்னொரு பெரிய வேலை செய்தவர். மேற்கு வங்காளத்திலயும் பங்களாதேஷிலயும் நிலத்தடித் தண்ணியில ஆர்சனிக் நஞ்சு. அவர் தண்ணிக்க இரும்புத் தகடு வச்சுக் கொஞ்சக் கரண்ட் விட்டு வேணுமெண்டே துரு பிடிக்க வச்சார், அந்தத் துரு ஆர்சனிக்கைப் பிடிச்சுக்கொள்ளும், கொஞ்சம் படிகாரம் போட்டா எல்லாம் அடியில படியும், மேல இருக்கிறது குடிக்கிற தண்ணி. கல்கத்தாவுக்குத் தெற்கால தப்தாபி எண்ட இடத்தில ஒரு பள்ளிக்கூடத்தில 2016இல இருந்து நாளுக்கு 10,000 லீட்டர் அளவில அப்பிடி ஒரு நிலையம் வச்சவை. ஒரே துரு, அங்க நஞ்சை எடுக்குது, வெள்ளவத்தையில ஒண்டரை லட்சத்தை எடுக்கப் பாக்குது.

சரி உங்கட தண்ணிக்கு வாறன். கொழும்புத் தண்ணி களனி கங்கையில அம்பத்தலையில எடுத்துச் சுத்திகரிக்கிறது, மிச்சம் லபுகம, களட்டுவாவ குளங்களில இருந்து வாறது. சுண்ணாம்பு குறைஞ்ச மென்தண்ணி, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணத்துத் தண்ணி மாதிரிக் கேத்திலில படை கட்டாது. மழை இல்லாத மாசங்களில ஆறு வத்தினா கடல் உப்பு அம்பத்தலை பக்கம் ஏறி வாறது உண்டு, அதுக்கு அவை ஆத்துக்குக் குறுக்க தடுப்புப் போடுறவை. ஆர்ஓ எண்டது உப்பைப் பிரிக்கிற சாமான், உங்கட தண்ணியில பிரிக்கிறதுக்குப் பெருசா உப்பே இல்ல, ஒரு லீட்டர் தர ரெண்டு மூண்டு லீட்டரை ஓட்டையால வெளிய விடும், அதுக்கும் நீங்கதான் பில் கட்டோணும்.

உங்கட பிரச்சினை கீழ கார் பார்க்குக்குப் பக்கத்தில இருக்கிற சம்ப்பும் (நிலத்தடித் தாங்கி) மொட்டை மாடித் தாங்கியும். எங்கட கட்டடத்தில ஒருக்கா மூடியைத் திறக்க, சுவரில வழுவழுவெண்டு மண்ணிறமாப் படை, மிதக்கிறது ஒரு பல்லி, அது செத்து எத்தினை நாளோ. முகாமைத்துவக் கூட்டத்தில கேட்டா ஒருத்தருக்கும் கடைசியாக் கழுவின வருசம் தெரியாது. ஒண்டரை லட்சத்தில பத்தில ஒரு பங்கை மற்ற வீட்டாரோட சேத்துப் போட்டு அதை ஆறு மாசத்துக்கு ஒருக்காக் கழுவிக்க வையுங்கோ. மனம் கேக்காட்டி ஒரு களிமண் பில்டரும் வாங்குங்கோ.

கேள்வி: அம்மம்மா தேத்தாங்கொட்டையை மண்பானையில உரைச்சுத்தான் தண்ணி வைப்பா. அது உண்மையா வேலை செய்யுமா? செப்புக் குடத்தில வச்சாலும் நல்லமெண்டு சொல்லுகினம்.
— பம்பலப்பிட்டி வாசகி

பதில்: தேத்தாங்கொட்டை கலங்கலை அடியில படிய வைக்கும், அது உண்மை, முருங்கை விதையும் செய்யும், ஏன் எண்டா அந்த விதைச் சத்து தண்ணியில மிதக்கிற மண் துகளை ஒண்டோட ஒண்டு ஒட்ட வச்சுப் பாரமாக்கும். மண்ணோட சேந்து கொஞ்சக் கிருமியும் கீழ போகும், ஆனா எல்லாம் போகாது, அதால தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணி எண்டு நினைக்காதீங்கோ. செம்பு ஒரு இரவு முழுக்க வச்சா சில கிருமியைக் கொல்லும். புளி போட்டு மினுக்கிற பொறுமை இருந்தா வையுங்கோ.

கேள்வி: சேர் நான் அட்டன் பக்கம் தோட்டத்துப் பொடியன், இப்ப கொழும்புல கடையில வேல செய்றேன். எங்க லயத்துக்கு பீலித் தண்ணிதான், மழ பேஞ்சா டீ கலர்ல வரும். அம்மா வெறகு பொறுக்கி கொதிக்க வைக்குது. சம்பளத்துல கொஞ்சம் சேத்து ஏதும் வாங்கிக் குடுக்கலாமுன்னு பாக்கிறேன், கரண்ட் மெசின் சரிவராது.
— புறக்கோட்டை

பதில்: தம்பி, உங்கட கடிதத்துக்குத்தான் நான் கனநேரம் யோசிச்சனான்.

முதல்ல காசே இல்லாத வழி. ரீட்டா கோல்வெல் எண்டு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, கொலராக் கிருமி தண்ணியில தனிய அலையாம கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன நீர்ப்பூச்சியளில ஒட்டிக்கொண்டுதான் இருக்கெண்டு கண்டவ. அப்ப பூச்சியை வடிச்சாக் கிருமியும் வடிபடும்தானே. பங்களாதேஷ் கிராமங்களில பழைய பருத்திச் சேலையை எட்டு மடிப்பாக்கி குடத்து வாயில கட்டி வடிக்கச் சொன்னா, கொலரா 48 வீதம் குறைஞ்சது, 2003இல அந்த முடிவு வெளிவந்தது. புதுச் சேலை சரிவராது, தோய்ச்சுத் தோய்ச்சு நூல் பிஞ்சு பொங்கின பழஞ்சேலைதான் திறம், இழைக்கு நடுவில இருக்கிற ஓட்டை அப்பதான் சின்னனாகும். உங்கட அம்மாட்ட அப்பிடி ஒண்டு கட்டாயம் இருக்கும். மழைத் தண்ணியில வாற மண்ணும் இலையும் அதிலயே நிக்கும். ஆனா இது வடிகட்டு மட்டும், குடிக்கிறதுக்கு இதுக்குப் பிறகு இன்னொண்டு வேணும்.

வெயில் போத்தல் எண்டு ஒண்டிருக்கு. 1980களில பெய்ரூட்டில அஃப்திம் அக்ரா எண்டவர் நாங்கள் ஜீவனி எண்டு சொல்லுற உப்புச் சீனிக் கரைசலை வெயிலில வச்சுப் பாக்க, கிருமி செத்திருந்தது. பிறகு சுவிஸ்காரர் அதைப் பிடிச்சுக்கொண்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனவை. நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில தெளிஞ்ச தண்ணியை நிரப்பி தகரத்துக்கு மேல ஆறு மணித்தியாலம் படுக்க வைக்கோணும், மப்பெண்டா ரெண்டு நாள். மன்னாரில எண்டா நான் இதைத்தான் முதல்ல சொல்லுவன், அட்டனில மிஸ்ட்டுக்குள்ள போத்தலை வச்சிட்டு எத்தினை நாள் காவல் இருக்கிறது?

அதால உங்களுக்குக் களிமண் பில்டர்தான். இதுக்கும் ஒரு ஆள் இருக்கிறார், குவாத்தமாலா நாட்டு ரசாயனக்காரர் பெர்னாண்டோ மசாரியேகோஸ், 1981இல செய்தது. களிமண்ணோட மரத்தூள் இல்லாட்டி உமியைக் குழைச்சு பூச்சட்டி மாதிரிப் பிடிச்சுச் சூளையில வச்சா, தூள் எரிஞ்சுபோய் அந்த இடமெல்லாம் மயிரிழை ஓட்டையா நிக்கும், அதுக்கு மேல வெள்ளித் துகள் கலந்த தண்ணியைப் பூசினா மிஞ்சின கிருமியும் சாகும். சட்டியை டாப் வச்ச வாளிக்க இறக்கிவிட்டா மணித்தியாலத்துக்கு ரெண்டு லீட்டர் மட்டில சொட்டும். அதை ஊர் ஊரா எடுத்துக்கொண்டு போனவர் ரொன் ரிவேரா எண்டவர், 1998இல மத்திய அமெரிக்காவை மிட்ச் புயல் அடிச்சுப்போட்ட பிறகு அங்க தொடங்கி நாடு நாடாப் போய் அந்தந்த ஊர்க் குயவருக்கே செய்யப் பழக்கினவர். ஆரும் கொப்பி அடிக்கலாம் எண்டு விட்டவை. கடைசியில 2008இல நைஜீரியாவில அதே வேலையா நிக்கேக்க தொத்தின மலேரியாவால செத்துப்போனார் பாவம்.

வாங்கேக்க உள்சட்டியைத் தட்டிப் பாருங்கோ, டங் எண்டு கேக்கோணும், டப் எண்டாக் கீறல். அட்டன் பஸ்ஸில கொண்டுபோகேக்க மடியில வச்சுக்கொண்டு போங்கோ, மேல ராக்கையில போடாதீங்கோ. அம்மாட்டச் சொல்லுங்கோ, சேலையில வடிச்சுத்தான் ஊத்தோணும், சொட்டுறது குறைஞ்சா உள்பக்கத்தை மெதுவான பிரஷ்சால தேய்க்கோணும், சவுக்காரம் போடக்கூடாது. சின்னப்பிள்ளையளுக்குக் குடுக்கிறதை மட்டும் கொதிக்க வைக்கிறதை விடவேண்டாம்.

கேள்வி: வாப்பாட ஊர் மதவாச்சிக்கு இஞ்சால. அங்க கிட்னி வருத்தத்தில எங்கட குடும்பத்திலயே ரெண்டு பேர் மவுத். கிணத்துத் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடிச்சா சரியா சேர்? இல்லாட்டி அந்த யூவி மெசின்?
— மட்டக்குளி வாசகர்

பதில்: ரெண்டும் சரியில்ல தம்பி. கொதிக்க வைக்கிறதும் யூவியும் கிருமிக்கு. அங்கத்த தண்ணியில நாங்கள் பயப்பிடுறது புளோரைட்டுக்கும் கல்சியத் தடிப்புக்கும், கொதிக்க வச்சா தண்ணி ஆவியாப் போகும், புளோரைட் போகாது, மிஞ்சிற தண்ணியில இன்னும் கூடும். பிள்ளையளின்ர பல்லில மண்ணிறக் கோடு கண்டனீங்களெண்டா அது புளோரைட்டின்ர வேலை, லீட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கிட்னி வருத்தம் 1990களில இருந்து வடமத்தியில வயல் செய்யிற ஆக்களை வாட்டுது, தண்ணி, வெக்கை, விவசாய நஞ்சு எண்டு கனக்கக் காரணம் ஆராய்ஞ்சும் இன்னும் இதுதான் எண்டு ஒரு முடிவுக்கு வரேல்ல.

வெள்ளவத்தை அக்காவுக்கு வேண்டாமெண்டு சொன்ன ஆர்ஓ உங்கட வாப்பாட ஊருக்குத்தான் வேணும். 2015 கடைசியில இருந்து கடற்படையே அந்தப் பக்கங்களில ஊருக்கு ஊர் ஆர்ஓ நிலையம் வச்சது, இப்ப நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல. ஆனா மெம்பிரேன் எண்ட உப்பைப் பிரிக்கிற சவ்வு நேரத்துக்குக் கழுவப்படோணும், காலத்துக்கு மாத்தப்படோணும், போறபோற இடத்தில ஆர் திறப்பு வச்சிருக்கிறது, எப்ப மாத்தினது எண்டு கேளுங்கோ. மழைத்தண்ணித் தாங்கி கட்ட இடமிருந்தா அதையும் கட்டுங்கோ, கூரையில விழுற தண்ணியில புளோரைட் இல்ல, முதல் மழையை மட்டும் வெளிய விட்டிட்டுப் பிடியுங்கோ.

கேள்வி: 2016 மே வெள்ளத்தில எங்கட கிணறு தாண்டு போச்சு. திரும்ப வந்தா என்ன செய்யிறது?
— வெல்லம்பிட்டிய

பதில்: கிணத்தை இறைச்சு, பீஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லி குளோரின் போடுவியுங்கோ, நீங்களே அளவு பாத்துக் கொட்டாதீங்கோ. அதுவரைக்கும் கொதிச்ச தண்ணி. ஒண்டுமே ஏலாத இடத்தில மணம் சேக்காத 5 வீத பிளீச் லீட்டருக்கு ரெண்டு சொட்டு, அரை மணித்தியாலம் மூடி வச்சுக் குடிக்கலாம். குளோரின் மணம் பிடிக்காட்டி கிளாஸில ஊத்திக் கொஞ்சநேரம் வையுங்கோ, போயிடும்.

கேள்வி: சேர் நான் ஏஎல் பயோ படிக்கிறன். பள்ளிக்கூடப் போட்டிக்கு மலிவான வோட்டர் பில்டர் ஒண்டு கண்டுபிடிக்க ஆசை. எதில தொடங்க?
— மாணவி, தெமட்டகொட

பதில்: மகள், ஆர்ட தண்ணி எண்டதில தொடங்குங்கோ. ஏன் சொல்லுறன் எண்டா, பங்களாதேஷில குளத்துத் தண்ணி குடிச்சுப் பிள்ளையள் சாகுதெண்டு 1970களில லட்சக்கணக்கில குழாய்க்கிணறு அடிச்சவை. கிருமி இல்லாத வடிவான தண்ணி வந்தது. இருபது வருசம் போகத்தான் தெரிஞ்சது அதுக்க ஆர்சனிக் இருக்கெண்டு, உள்ளங்கையெல்லாம் தடிச்சு, பிறகு புற்றுநோய். நல்ல மனசோட செய்த வேலை, ஒருத்தரும் தண்ணியை ஆர்சனிக்குக்குச் சோதிக்கேல்ல.

அதே நாட்டுக்காரர் ஒருத்தர், அபுல் ஹுசாம், அமெரிக்காவில ரசாயனப் பேராசிரியர், குஷ்தியாவில இருக்கிற தன்ர சொந்த வீட்டுக் கிணத்தையே அளந்துதான் தொடங்கினவர். கனவருசம் முட்டுப்பட்டு, ரெண்டு வாளி, ஆத்து மணல், மரக்கரி, செங்கல் துண்டு, நடுவில பதப்படுத்தின இரும்புத் துகள், இவ்வளவையும் வச்சு சோனோ எண்ட பில்டரைச் செய்தார். பாத்தா கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில அடுக்கி வச்ச வாளி மாதிரித்தான் இருக்கும். 2007இல அதுக்குப் பத்து லட்சம் டொலர் பரிசு கிடைச்சது, அதில 70 வீதத்தை பில்டர் செய்து சனத்துக்குக் குடுக்க ஒதுக்கினவர். கவனிச்சனீங்களோ, காட்கில்லின்ர துரு, இவர்ட இரும்பு, ரெண்டும் ஒரே ரசாயனம்தான். சென்னை ஐஐடியில பிரதீப் எண்ட பேராசிரியரும் இரும்பு ஒக்சைட்டை மிகச் சின்னத் துகளா மாத்தி ஆர்சனிக் எடுக்கிற வழி செய்து, இந்தியக் கிராமங்களில அது ஓடுது.

உங்களுக்கு ஆர்சனிக் வேண்டாம், தெமட்டகொடையில இல்ல. உங்கட பள்ளிக்கூடத் தாங்கியில இருந்து ஒரு போத்தல், கன்டீன் டாப்பில ஒரு போத்தல், ஒரு வகுப்புப் பிள்ளை வீட்டில இருந்து கொண்டுவந்தது ஒரு போத்தல், மூண்டையும் சோதிப்பிச்சுப் பாருங்கோ. உயிரியல் டீச்சரைக் கேட்டா அகார் தட்டில வளத்துப் பாக்க உதவி செய்வா. பிறகு எனக்கு எழுதுங்கோ, நான் எழுதின தாங்கிக் கதை பிழையெண்டா அதையும் போடுறன்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்லுறீங்கள், உங்கட வீட்டில என்ன பில்டர் சேர்?
— பேர் போடாதவர்

பதில்: களிமண் பில்டர்தான், குசினி மூலையில, ஈரத்தில ஒருபக்கம் பச்சை பிடிச்சு நிக்குது. இந்தப் பதில் எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு தண்ணி குடிக்கப் போனன். மனுசி முந்தி கேண்டில் (உள்ள வடிகட்டுற களிமண் குழாய்) மாத்தின திகதியை மூடியின்ர உள்பக்கம் மார்க்கரால எழுதிறவ. எழுத்து அழிஞ்சு வருசம் தெரியேல்ல, மாசம் மட்டும் ஏப்ரல் எண்டு இருந்தது. எந்த ஏப்ரல் எண்டு கேட்டன், "நீங்கதானே மாத்தினது" எண்டா. இண்டைக்குப் பின்னேரம் காலி ரோட்டில போய்ப் புதுக் கேண்டில் ஒண்டு வாங்கோணும்.